பெயர் தங்கும் இடம்

நுழையும்முன்

ஓலையில் எழுதினோம், தாளில் அச்சிட்டோம், இன்று கணினியில் சேமிக்கிறோம். எழுதுபொருள் மாறும்போதெல்லாம் எழுத்தும் அதற்கேற்ப வளைந்து கொடுத்திருக்கிறது. ஒரு பெயரை எதில் எழுதிவைக்கிறோம் என்பது, அந்தப் பெயர் பின்னாளில் எவ்வாறு படிக்கப்படும் என்பதையும் முடிவு செய்கிறது. கணினியில் பெயர்களைச் சேமிக்கும் முறைகளைப் பற்றியும் அவற்றுள் தக்கதைத் தேர்வதைப் பற்றியும் விளக்குகிறது இப்பாடம்.

சுட்டும் பொருளும்

அ, இ, உ ஆகிய மூன்றும் சுட்டெழுத்துகள் என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு வழங்கிவரும் இலக்கணம். 'அவ்வூர்' என்று ஒருவர் கூறினால், அச்சொல்லில் ஊர் முழுவதும் அடங்கியிருப்பதில்லை. ஊர் தன் இடத்தில் இருக்கிறது. சொல் அதனை நோக்கி விரல் நீட்டுகிறது. சுட்டு என்பது பொருளன்று. பொருளை அடையும் வழி. வழி தவறினால், பொருள் இருந்தும் இல்லாததாகிவிடும்.

கணினித் துறையிலும் இதே கருத்து வேறொரு தேவையின் பொருட்டுப் பயன்படுகிறது. பலர் கூடி எழுதும் நிரலையோ நூலையோ, அதன் ஒவ்வொரு மாற்றத்துடனும் சேர்த்துப் பாதுகாக்கும் மென்பொருளுக்குப் பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமை என்று பெயர். அவற்றுள் இன்று உலகெங்கும் பெரிதும் வழங்குவது 'கிட்' என்பதாகும். லினக்ஸ் இயக்குதளத்தின் கருவை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இதனை எழுதத் தொடங்கினார். கிட் முறைமையில் பொருள்கள் ஒருபுறமும், அவற்றைக் காட்டும் சுட்டுகள் மறுபுறமுமாகச் சேமிக்கப்படுகின்றன. அச்சுட்டுகளை எந்த வடிவத்தில் சேமிப்பது என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

ஒரு பெயர்த்தொகுப்புப் பணி

மதுரை மாவட்டத்தின் வடபகுதியில், மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் கொட்டாம்பட்டி. மேலூர் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், ஊராட்சி ஒன்றியம் ஒன்றின் தலைமையிடமும் ஆகும். இப்பகுதியின் கண்மாய்கள், மடைகள், குன்றுகள், வயற்பகுதிகள் ஆகியவற்றின் பெயர்களை முதியோரிடம் கேட்டுத் தொகுக்க ஒரு மாணவர் குழு முனைகிறது எனக் கொள்வோம். இத்தகைய பெயர்களுள் பல, எழுத்தில் ஏறாமல் பேச்சில் மட்டுமே வாழ்பவை. சொல்பவர் மறைந்தால் உடன் மறைபவை.

குழுவினர் தொகுத்தவற்றைக் கிட் முறைமையில் சேமிக்கின்றனர். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ஒரு 'பதிவு' உருவாகிறது. பதிவின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு, அதற்கே உரிய 40 இடங்கள் கொண்ட அடையாளக் கோவை ஒன்றைக் கிட் வழங்குகிறது. உள்ளடக்கத்தில் ஒரு புள்ளி மாறினாலும் கோவை முற்றிலும் மாறிவிடும். ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்தைய பதிவின் கோவையைத் தன்னுள் கொண்டிருக்கும். எனவே, இறுதிப் பதிவை அறிந்தவர் அதன்வழியே பின்னோக்கி நடந்து முதற்பதிவு வரை சென்றுவிடலாம்.

ஆனால், 40 இடக் கோவையை நினைவில் வைத்திருப்பது எவருக்கும் இயலாது. ஆகவே, அதற்கு ஒரு பெயரிடுகிறோம். ஒரு மாணவி தன் ஊர்ப் பெயர்களைத் தனியே தொகுக்க விரும்பினால், 'கொட்டாம்பட்டி' என்னும் பெயரில் ஒரு கிளையைத் தொடங்குகிறாள். இப்பெயரும், அது குறிக்கும் கோவையும் சேர்ந்ததே சுட்டு. கிளையில் புதிய பதிவு சேரும்போதெல்லாம், சுட்டு பழைய பதிவை விட்டுப் புதிய பதிவைக் காட்டும்.

சுட்டு தொலைந்தால் நேர்வது யாது? பதிவுகள் உடனே அழிவதில்லை. எனினும், எந்தச் சுட்டினாலும் அடைய இயலாத பொருள்களைக் கிட் தேவையற்றவையாகக் கருதும். அவ்வப்போது நடைபெறும் துப்புரவில், குறிப்பிட்ட காலம் கடந்த அத்தகைய பொருள்களை நீக்கியும்விடும். நாற்பது பைட் அளவுள்ள ஒரு குறிப்புத் தவறியதால் பல மாத உழைப்பு மறையக்கூடும். சேமிப்பு வடிவத்தைத் தேர்வது சிறு செய்தியன்று என்பது இதனால் விளங்கும்.

பெயருக்கொரு கோப்பு

கிட் தொடக்கம் முதல் பின்பற்றிவரும் முறை மிக எளியது. ஒவ்வொரு சுட்டும் ஒரு தனிக்கோப்பு. சுட்டின் பெயரே கோப்பின் பெயர். கோப்பைத் திறந்தால் உள்ளே இருப்பது 40 இடக் கோவையும் வரிமுடிவுக் குறி ஒன்றும் மட்டுமே. எந்த உரைத் தொகுப்பானிலும் திறந்து கண்ணால் காணலாம். பழுது நேர்ந்தால் கையாலேயே சரிசெய்யலாம். இந்த எளிமை அதன் பெருஞ்சிறப்பு.

சுட்டுகள் பெருகும்போது குறைகள் தோன்றுகின்றன. முதலாவது, இட விரயம். 41 பைட் கொண்ட கோப்பும் வட்டில் ஒரு முழுத் தொகுதியைப் பிடித்துக்கொள்ளும். பல கோப்பு முறைமைகளில் அத்தொகுதியின் அளவு 4,096 பைட். ஒரு பிடி நெல்லுக்கு ஒரு குதிர் என்பது போன்றது இது.

இரண்டாவது, பெயர் மோதல். 'கண்மாய்' என்று ஒரு கிளை இருக்கும்போது 'கண்மாய்/கொட்டாம்பட்டி' என்று மற்றொரு கிளையைத் தொடங்க இயலாது. முன்னதற்குக் 'கண்மாய்' என்பது கோப்பாக இருத்தல் வேண்டும்; பின்னதற்கு அதுவே கோப்புறையாக இருத்தல் வேண்டும். ஒரே பெயர் இரண்டுமாக இருத்தல் கூடாது.

மூன்றாவது, ஒருமித்த மாற்றம் இயலாமை. பத்துச் சுட்டுகளை ஒரே நேரத்தில் மாற்ற வேண்டுமெனில் பத்துக் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதவேண்டும். ஐந்தாவது கோப்பை எழுதிய நிலையில் மின்சாரம் தடைப்பட்டால், பாதி புதியதும் பாதி பழையதுமாக நின்றுவிடும்.

எல்லாப் பெயரும் ஒரே கோப்பில்

இக்குறைகளைத் தணிக்கக் கிட் மற்றொரு முறையையும் உடன் கொண்டுள்ளது. அடிக்கடி மாறாத சுட்டுகளையெல்லாம் திரட்டி, வரிக்கு ஒன்றாக, பெயர் வரிசைப்படி ஒரே கோப்பில் எழுதிவைப்பது அம்முறை. இதனைத் தொகுப்புக்கோப்பு எனலாம். ஒரு பெயரைத் தேடும்போது கிட் முதலில் தனிக்கோப்பு உள்ளதா என்று பார்க்கும். இல்லையெனில் தொகுப்புக்கோப்பை நாடும். ஒரே பெயர் இரண்டிலும் இருந்தால் தனிக்கோப்பில் உள்ளதே செல்லும்.

இட விரயம் இதனால் பெரிதும் குறைந்தது. எனினும், நீக்கும்போது சிக்கல் எழுந்தது. ஒரு கிளையை நீக்குவதற்கு அதன் தனிக்கோப்பை மட்டும் அழித்தால், தொகுப்புக்கோப்பில் உள்ள பழைய வரி மீண்டும் உயிர்பெற்றுவிடும். ஆகவே, அந்த ஒரு வரியை நீக்குவதற்காகத் தொகுப்புக்கோப்பு முழுவதையும் புதிதாகப் படியெடுத்து எழுத வேண்டியுள்ளது.

சிறு பணிகளில் இது பொருட்டன்று. ஆண்ட்ராய்டு இயக்குதளத்தின் களஞ்சியம் ஒன்றில் ஏறத்தாழ 8,66,000 சுட்டுகள் இருந்தன. அவற்றின் தொகுப்புக்கோப்பு மட்டும் 62 மெகாபைட். இரண்டே சுட்டுகளை ஒருமித்து மாற்றுவதற்கும் 62 மெகாபைட்டைப் படித்து, மீண்டும் 62 மெகாபைட்டை எழுத வேண்டியிருந்தது. இரண்டு பெயர்த் திருத்தத்துக்காக ஊர் முழுமையின் வாக்காளர் பட்டியலையும் மறுபடி கையால் எழுதுவதற்கு இது ஒப்பாகும்.

கொகரம் கடந்துவந்த பாதை

மேற்கூறியவை எல்லா மொழியினருக்கும் பொதுவான இடர்ப்பாடுகள். தமிழ்ப் பெயர்களைப் பயன்படுத்துவோர்க்கு மட்டும் மேலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. அதனை அறிய, 'கொட்டாம்பட்டி' என்னும் பெயரின் முதலெழுத்தைச் சற்று உற்றுநோக்க வேண்டும்.

கொட்டாம்பட்டியை அடுத்துள்ள கருங்காலக்குடிக் குன்றின் குகைத்தளத்தில், ஈராயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்த தமிழி எழுத்தில் அமைந்த கல்வெட்டு உள்ளது. கல்லில் பொறித்த அக்காலத்துக்குப் பின்னர் ஓலை எழுதுபொருளாயிற்று. எகர, ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. புள்ளி இருந்தால் குறில், இல்லையெனில் நெடில். ஆனால், எழுத்தாணியால் புள்ளியிட்டால் ஓலை பொத்துப்போகும் என்று அஞ்சிப் பலரும் புள்ளியிடாமல் எழுதினர். அதனால், 'கொ' என்பதையும் 'கோ' என்பதையும் இடம் நோக்கியே பிரித்தறிய வேண்டியதாயிற்று. எழுதியவர் கருதிய பெயர் ஒன்று. எழுதுபொருள் விட்டுவைத்த பெயர் மற்றொன்று. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர், நெடிலுக்கு இரட்டைக்கொம்பு அமைத்து இக்குழப்பத்தை நீக்கினார்.

தட்டச்சுப்பொறி வந்தபோது 'கொ' மூன்று தட்டல்களாயிற்று: ஒற்றைக்கொம்பு, ககரம், கால். பின்னர் வந்த கணினி எழுத்துக் குறியீடுகளுள் சிலவும் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே இம்மூன்றையும் சேமித்தன. இன்று உலகெங்கும் வழங்கும் ஒருங்குறி முறையில் 'க' முதலில் வருகிறது. அதனைத் தொடர்ந்து ஒகரக் குறி வருகிறது. இந்த ஒகரக் குறியை எழுத இரண்டு வழிகள் உள்ளன. கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக எழுதலாம். அன்றி, கொம்பு தனி, கால் தனி என இரு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பொருளாலும் இரண்டும் ஒன்றே என்று ஒருங்குறி விதி கூறுகிறது. சேமிக்கப்படும் எண்களால் மட்டும் அவை வெவ்வேறு.

தெரிந்து தெளிவோம்

'கொட்டாம்பட்டி' என்பதில் உள்ள தமிழ் எழுத்துகள் 7. ஒருங்குறியில் இதனை எழுத 13 குறியெண்கள் வேண்டும். இணையத்தில் பரவலாக வழங்கும் யுடிஎஃப்-8 முறையில், ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் 3 பைட் பெறும். ஆகவே, மொத்தம் 39 பைட். முதலெழுத்தின் ஒகரக் குறியைப் பிரித்து எழுதினால் 14 குறியெண்கள், 42 பைட். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் பெயர், கணினிக்கு இரண்டாகிவிடுகிறது. ஒகரக் குறிக்கு மட்டுமன்றி ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் 'ஔ' என்னும் உயிரெழுத்துக்கும் இவ்விரு வடிவங்கள் உண்டு.

கோப்பு முறைமையின் தலையீடு

தனிக்கோப்பு முறையில் சுட்டின் பெயரே கோப்பின் பெயராகிறது என்று கண்டோம். கோப்பின் பெயரை ஆள்வது கிட் அன்று. கணினியின் கோப்பு முறைமை. ஒவ்வொரு கோப்பு முறைமைக்கும் ஒவ்வொரு விதி உண்டு.

லினக்ஸ் கணினிகளில் பரவலாக வழங்கும் கோப்பு முறைமை, பெயரை வெறும் பைட் வரிசையாகவே கருதும். சேர்த்து எழுதிய கொட்டாம்பட்டியும் பிரித்து எழுதிய கொட்டாம்பட்டியும் அங்கு இரு வேறு கோப்புகள். ஆப்பிள் நிறுவனத்தின் பழைய கோப்பு முறைமையோ, பெயரைப் பெற்றவுடன் தானே பிரித்து எழுதிக்கொள்ளும். 39 பைட்டாகக் கொடுத்த பெயர் 42 பைட்டாகத் திரும்பி வரும். அந்நிறுவனத்தின் புதிய கோப்பு முறைமை, கொடுத்த வடிவத்தை மாற்றாமல் வைத்திருக்கும்; ஆயினும் இரு வடிவங்களையும் ஒரே பெயராகவே கொள்ளும்.

இனி, மாணவர் குழுவுக்குத் திரும்புவோம். ஒரு மாணவி சேர்த்து எழுதும் விசைப்பலகையில் கிளைப்பெயரைத் தட்டுகிறாள். மற்றொரு மாணவன் பழைய கோப்பு ஒன்றிலிருந்து, பிரித்து எழுதப்பட்ட பெயரை நகலெடுத்து ஒட்டுகிறான். இருவரும் லினக்ஸ் கணினியைப் பயன்படுத்துவதால், பொதுக் களஞ்சியத்தில் 'கொட்டாம்பட்டி' என்னும் பெயரில் இரண்டு கிளைகள் அமைந்துவிடுகின்றன. ஒன்றில் கண்மாய்ப் பெயர்கள்; மற்றொன்றில் குன்றுகளின் பெயர்கள். மூன்றாமவர் ஆப்பிள் கணினியில் அவற்றைப் பெறும்போது, இரு பெயர்களும் ஒரே கோப்பைக் குறிக்கின்றன. ஒரு சுட்டின்மேல் மற்றொரு சுட்டு எழுதப்படக்கூடும். அவர் காண்பது ஒரு கிளையை மட்டுமே. மற்றொன்று இருந்தது என்பதையே அவர் அறியமாட்டார்.

ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கும் இதற்கு இணையான தொல்லை உண்டு. விண்டோஸ் கணினியும் ஆப்பிள் கணினியும் இயல்பு நிலையில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கருதாமல் கோப்புப் பெயர்களை ஒன்றாகக் கொள்ளும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடு இல்லாமையால் அத்தொல்லை நமக்கில்லை. அதற்கு மாறாக ஒகரக் குறியின் தொல்லை நமக்கு வாய்த்தது. 2012ஆம் ஆண்டில், ஆப்பிள் கணினிகளில் பிரிந்த வடிவத்தைச் சேர்ந்த வடிவமாக மாற்றிப் படிக்கும் ஏற்பாடு ஒன்று கிட் மென்பொருளில் சேர்க்கப்பட்டது. அதுவும் பிறரது கணினியில் முன்னரே பிரிந்த வடிவில் உருவாகிவிட்ட கிளையைத் தடுக்கவல்லதன்று.

நீளத்திலும் ஒரு வரம்பு உண்டு. பல கோப்பு முறைமைகள் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட் மட்டுமே தருகின்றன. ஆங்கிலத்தில் 255 எழுத்து எழுத இடமளிக்கும் அவ்வரம்பு, தமிழில் 85 குறியெண்களுடன் முடிந்துவிடுகிறது.

சிட்டையும் பேரேடும்

இவ்விடர்ப்பாடுகளுக்குத் தீர்வாக, கூகுள் நிறுவனத்தில் பணியாற்றிய ஷான் பியர்ஸ் 2017ஆம் ஆண்டில் புதிய சேமிப்பு வடிவம் ஒன்றை வகுத்தார். 'ரெஃப்டேபிள்' என்று பெயரிடப்பட்ட அதனைத் தமிழில் சுட்டு அட்டவணை எனலாம். முதலில் ஜாவா மொழியில் எழுதப்பட்ட ஜேகிட் மென்பொருளில் அது இடம்பெற்றது. ஹான்-வென் நீன்ஹுய்ஸ் அதனைச் சி மொழியில் எழுதிக் கிட்டுக்குக் கொண்டுவரும் பணியைத் தொடங்கினார். கிட்லேப் நிறுவனத்தைச் சார்ந்த பேட்ரிக் ஸ்டைன்ஹார்ட் அதனை நிறைவு செய்தார். 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த கிட் 2.45ஆம் பதிப்பில் இது பயன்பாட்டுக்கு வந்தது.

இதன் செயற்பாட்டை நம்மூர்க் கடைக்கணக்கைக்கொண்டு விளங்கிக்கொள்ளலாம். கடைக்காரர் அன்றாட வரவுசெலவை உடனுக்குடன் பேரேட்டில் எழுதுவதில்லை. முதலில் சிட்டையில் குறித்துக்கொள்வார். பிறகு ஓய்வாக அமர்ந்து பேரேட்டில் ஏற்றுவார். ஒருவரது நிலுவையை அறிய வேண்டுமெனில் முதலில் சிட்டையைப் பார்ப்பார். அதில் இல்லையெனில் பேரேட்டைப் புரட்டுவார்.

சுட்டு அட்டவணையும் அவ்வாறே இயங்குகிறது. மாற்றம் நேரும்போது, இருக்கும் அட்டவணையில் கைவைப்பதில்லை. மாற்றங்களை மட்டும் கொண்ட சிறிய புதிய அட்டவணை ஒன்று எழுதப்படுகிறது. எவ்வெவ் அட்டவணைகள் நடப்பில் உள்ளன என்பதை ஒரு சிறு பட்டியல் காட்டும். அப்பட்டியலை மாற்றி வைக்கும் அந்த ஒரு செயலால் மாற்றங்கள் யாவும் ஒருசேர நடைமுறைக்கு வருகின்றன. பத்துச் சுட்டுகள் மாறினால் பத்தும் மாறும். இடையில் தடை நேர்ந்தால் ஒன்றும் மாறாது. பாதி மாற்றம் என்பதற்கு இடமில்லை.

நீக்கலும் எளிதாகிறது. பழைய அட்டவணையில் உள்ள வரியை அழிப்பதற்கு மாறாக, 'இச்சுட்டு நீக்கப்பட்டது' என்று புதிய அட்டவணையில் குறிக்கப்படுகிறது. தேடும்போது புதிய அட்டவணையின் கூற்றே செல்லும். சிறிய அட்டவணைகள் பெருகிவிட்டால், கிட் அவற்றை அவ்வப்போது ஒன்றாக இணைத்துப் பெரிய அட்டவணையாக்கும். சிட்டையைப் பேரேட்டில் ஏற்றுவதற்கு இது நேர்.

அட்டவணையின் உள்ளே பெயர்கள் அகராதிபோல் வரிசைப்பட்டிருக்கும். அகராதியில் சொல்லைத் தேடுவோர் முதற்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் படிப்பதில்லை. பக்கத் தலைப்பில் உள்ள சொல்லைப் பார்த்துத் தாவிச் செல்வர். சுட்டு அட்டவணையிலும் தொகுதிகளும் அவற்றுக்கான குறிப்பகராதியும் இருப்பதால், இலட்சக்கணக்கான பெயர்களுக்கிடையே ஒரு பெயரைச் சில தாவல்களில் அடையலாம். மேலும், அடுத்தடுத்த பெயர்களுக்குப் பொதுவாக உள்ள முற்பகுதி மீண்டும் மீண்டும் எழுதப்படுவதில்லை. 'கண்மாய்/கருங்காலக்குடி' என்பதை அடுத்துக் 'கண்மாய்/கொட்டாம்பட்டி' வருமாயின், 'முன் பெயரில் இத்தனை பைட் அப்படியே' என்று குறித்துவிட்டு, மாறும் பகுதி மட்டும் எழுதப்படும். இதனால் இடம் மிகச் சுருங்குகிறது.

எல்லாவற்றினும் மேலாக, பெயர் இங்குக் கோப்பின் தலைப்பன்று, கோப்பின் உள்ளடக்கம். எந்தக் கோப்பு முறைமையும் கோப்பின் உள்ளடக்கத்தைத் திருத்துவதில்லை. 39 பைட்டாக எழுதிய கொட்டாம்பட்டி, லினக்ஸிலும் விண்டோஸிலும் ஆப்பிளிலும் 39 பைட்டாகவே இருக்கும். பெயரைத் தாங்கும் இடம் பெயரைத் திருத்தாது.

எதனைத் தேர்வது?

புதியதாதலின் நன்று என்றோ, பழையதாதலின் தீது என்றோ கொள்ளுதல் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று. இரு வடிவங்களையும் பயன் நோக்கி எடைபோட வேண்டும்.

தனிக்கோப்பு முறையின் வலிமை அதன் வெளிப்படைத்தன்மை. எதுவும் மறைவில் இல்லை, கற்போர்க்கு ஏற்றது. சுட்டு அட்டவணையோ இரும வடிவிலானது. உரைத் தொகுப்பானில் திறந்தால் ஒன்றும் விளங்காது. கிட் கட்டளைகளின் வழியாகவே அதனை அணுக வேண்டும். சுட்டுக் கோப்புகளை நேரடியாகப் படிக்கும்படி எழுதப்பட்ட பழைய கருவிகளும், 2.45ஆம் பதிப்புக்கு முந்தைய கிட்டும் அதனைப் படிக்கமாட்டா. குழுவில் ஒருவரது கணினி பழையதாயினும், அவருடைய படி மட்டும் பழைய வடிவில் இருக்கலாம். ஒவ்வொருவரது படியும் தன் சேமிப்பு வடிவத்தைத் தானே தேர்ந்துகொள்ள முடியும். படிகளுக்கிடையே பரிமாறப்படுவன பெயர்களும் கோவைகளும் மட்டுமே.

எனவே, ஓரிருவர் சில கிளைகளுடன் பணியாற்றும் இடத்தில் பழைய முறையே போதுமானது. கிளைகள் ஆயிரக்கணக்கில் பெருகும் இடத்திலும், பல சுட்டுகளை ஒருமித்து மாற்ற வேண்டிய இடத்திலும், வெவ்வேறு இயக்குதளங்களில் தமிழ்ப் பெயர்களுடன் பலர் கூடிப் பணியாற்றும் இடத்திலும் சுட்டு அட்டவணை பொருந்தும். 2024 சூலையில் வெளிவந்த 2.46ஆம் பதிப்பு, ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்துக்கு மாற்றும் கட்டளையையும் தந்துள்ளதால், முதலில் தேர்ந்ததையே இறுதிவரை சுமக்க வேண்டியதில்லை. வரவிருக்கும் கிட் 3.0 பதிப்பில், புதிய களஞ்சியங்களுக்குச் சுட்டு அட்டவணையே இயல்பு வடிவமாகும் எனத் திட்டமிடப்பட்டுள்ளது.

ஆயினும், புதிய வடிவம் செய்யாத ஒன்றும் உண்டு. அது பெயரை மாற்றாமல் காக்கும்; பெயர் சரியானதா என்று ஆராயாது. சேர்த்து எழுதிய கொட்டாம்பட்டியும் பிரித்து எழுதிய கொட்டாம்பட்டியும் அங்கும் இரு வேறு சுட்டுகளே. ஒன்றின்மேல் ஒன்று எழுதப்பட்டு மறைவது நீங்கும். இரட்டைப் பெயர் தோன்றுவது நீங்காது. 'கண்மாய்', 'கண்மாய்/கொட்டாம்பட்டி' ஆகிய இரண்டையும் ஒருங்கே வைக்க இயலாமையும், பழைய வடிவத்துடன் ஒத்துப்போகும் பொருட்டு இன்றும் தொடர்கிறது. ஆகவே, பெயரைச் சேர்ந்த வடிவில் மட்டுமே எழுதுவது என்று குழுவினர் பணியின் தொடக்கத்திலேயே தமக்குள் ஒரு மரபை வகுத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. வீரமாமுனிவர் கொம்பைத் திருத்தியதுடன் குழப்பம் தீர்ந்துவிடவில்லை. எழுதுவோர் அனைவரும் அத்திருத்தத்தை ஏற்று எழுதியபோதே தீர்ந்தது.

நிறைவாக

கல்லும் ஓலையும் தாளும் கணினியும் பெயர்களைத் தாங்கும் இடங்கள். ஓலையில் இடாத ஒரு புள்ளி, குறிலை நெடிலாகப் படிக்கவைத்தது. கணினியில் பிரிந்து நிற்கும் ஒரு கால், ஒரூரை இரண்டாக்குகிறது. கருவியைச் செய்வோர் பெரும்பாலும் நம் எழுத்தை அறியாதவர். அவர்கள் வகுக்கும் வடிவங்களில் நம் பெயர் எவ்வாறு தங்குகிறது என்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டியவர்கள் அப்பெயருக்கு உரியவர்களே. முதியவர் ஒருவர் நினைவிலிருந்து எடுத்துச் சொன்ன கண்மாயின் பெயரை நாளை ஒரு மாணவர் தேடும்போது, அவர் தட்டும் எழுத்தும் சேமிக்கப்பட்ட எழுத்தும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அதற்கான பொறுப்பு, இன்று எழுதிவைப்பவர் கையில் இருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்ப் பெயரில் உள்ள தமிழ் எழுத்துகளின் எண்ணிக்கையையும், ஒருங்குறிக் குறியெண்களின் எண்ணிக்கையையும், பைட் அளவையும் கணக்கிட்டு அட்டவணைப்படுத்துக.

2. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் இடம்பெறும் ஊர்ப் பெயர்கள் பத்தினைத் தொகுத்து, அவை கணினித் தேடலில் பெறக்கூடிய இடர்ப்பாடு குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.

3. உங்கள் ஊரில் சிட்டை, பேரேடு முறையில் கணக்கு எழுதிய வணிகர் ஒருவரிடம் அதன் நடைமுறையைக் கேட்டறிந்து, சுட்டு அட்டவணையுடன் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.